உளவியல் படித்தவருக்குக் கணினிப் பாதுகாப்பில் என்ன வேலை?

உளவியல் முடித்த உங்கள் மகள் கணினிப் பாதுகாப்பு ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறார். கோடிங் தெரியாதவரை யார் சேர்ப்பார்கள் என்பது உங்கள் கவலை. சேர்ப்பார்கள். மனிதர்களை வைத்து ஒழுங்காகச் சோதனை நடத்தத் தெரிந்தவர்கள் அந்தத் துறைக்குத் தேவை.

1999-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், மின்னஞ்சலை வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டும் (குறியாக்கம் செய்யும்) பிஜிபி 5.0 மென்பொருளை 12 பேரிடம் கொடுத்து 90 நிமிடம் தந்தார்கள். மூன்று பேர் ரகசியச் செய்தியைப் பூட்டாமலே அனுப்பிவிட்டார்கள். குறியாக்கத்தின் கணிதம் சரியாகத்தான் இருந்தது. திரைதான் ஆளுக்குப் புரியவில்லை. பாதுகாப்புக் கருவிகளை மனிதர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்வதற்கென்றே 2005 முதல் சூப்ஸ் (SOUPS) என்ற மாநாடு நடக்கிறது. இதே துறைக்கு வரும் பொருளியல்காரர்களுக்கு 2002 முதல் வெய்ஸ் (WEIS) என்ற மாநாடு.

உங்கள் மகள் கைகொடுக்கும் இடம் எது என்று பாருங்கள். ஃபிஷிங், அதாவது போலி மின்னஞ்சலால் ஏமாற்றுவது பற்றிய சோதனைக்குப் பொறியாளர் 20 மின்னஞ்சல் தயாரிக்கிறார், பத்து போலி. "போலியைக் கண்டுபிடியுங்கள்" என்று சொல்லிக் கொடுத்தால் எல்லோரும் சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பார்கள். நிஜத்தில் போலி எப்போதாவது வரும், ஆளும் வேறு வேலையில் மூழ்கியிருப்பார். எனவே சாதாரண அலுவலக வேலை என்று கொடுத்து, நிறைய நல்ல அஞ்சல்களுக்கு நடுவே இரண்டு போலியை நுழைக்க வேண்டும். இப்படி மறைத்துச் செய்வதற்கு நிறுவனத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். முடிந்ததும் பங்கேற்றவரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அனுமதிக்கு வாரக்கணக்கில் ஆகலாம். மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பும் கெடு நெருங்கிய பிறகு விண்ணப்பித்துத் தவிப்பவர்கள்தான் அதிகம்.

படிக்க வேண்டியது: புள்ளியியலை இன்னும் ஆழமாக, தரவு அலச ஆர் (R) அல்லது பைத்தான் நிரல்மொழி, கடவுச்சொல் எப்படிச் சேமிக்கப்படுகிறது, தாக்குபவரால் எதெல்லாம் முடியும் என்று வரையறுக்கும் த்ரெட் மாடல். ஹேக்கிங் சான்றிதழ்களுக்குப் பணம் கட்டாதீர்கள். இந்தப் பாதைக்கு அவை உதவாது.

சேரும் குழுவைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். கருவியைக் கட்டி முடித்துவிட்டு "ஒரு கேள்வித்தாள் போட்டுக் கொடும்மா" என்று கடைசியில் கூப்பிடும் இடம் வேண்டாம். அந்த நிலையில் வடிவமைப்பில் எதையும் மாற்ற முடியாது, ஆய்வுக் கட்டுரையில் அவர் பெயரும் நடுவில் எங்கோ போகும். பெயர் வரிசையே தனிச் சிக்கல்: கணினித் துறையில் பெரும்பாலும் அதிகம் உழைத்தவர் பெயர் முதலில், பொருளியலில் அகரவரிசை. முதல் கூட்டத்திலேயே பேசி, மின்னஞ்சலில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பேராசிரியருக்கு எழுதும்போது, அவர் குழுவின் ஒரு கட்டுரையை எடுத்து, அந்தச் சோதனையைத் தான் எப்படி நடத்தியிருப்பேன் என்று ஒரே பக்கத்தில் இணைக்கட்டும்.