நதியா, ஊரா?

கேள்வி: என் மகன் ஸ்லோவேனியாவின் தலைநகர் லூப்லியானாவில் படிக்கிறான். "லீவுக்கு டூனாய் போறோம்" என்கிறான். தேடிப் பார்த்தால் டூனாய் என்பது டான்யூப் நதி என்று வருகிறது. அவன் போவது நதிக்கா, ஊருக்கா?
- ஒரு வாசகி

பதில்: ஊருக்குத்தான் அம்மா. ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவுக்கு.

நீங்கள் பார்த்ததும் தப்பில்லை. செக், ஸ்லோவாக், போலிஷ் மொழிகளில் டூனாய் என்றால் நதிதான். ஸ்லோவேனியர்கள் அந்தப் பெயரை ஊருக்குக் கொடுத்துவிட்டு, நதியை டோனாவா என்கிறார்கள். அவர்கள் நாட்டில் டான்யூப் ஓடவில்லை. 1918 வரை வியன்னாவைத் தலைநகராகக் கொண்ட ஹாப்ஸ்பர்க் அரச வம்சத்தின் ஆட்சியில் இருந்தவர்களுக்கு, மேல்படிப்பு, உத்தியோகம் என்று போகவேண்டிய இடம் டான்யூப் கரையில் இருந்த அந்தத் தலைநகரம். லூப்லியானாவில் 'டூனாய்ஸ்கா செஸ்தா' என்ற பெரிய சாலை வடக்கே போகிறது. வியன்னா சாலை என்று அர்த்தம். உங்கள் மகனுக்குத் தெரிந்திருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. வியன்னாவுக்கு ஜெர்மன்காரர்கள் சொல்லும் 'வீன்' என்ற பெயரும் ஒரு ஆற்றின் பெயர்தான். ஆனால் டான்யூப் இல்லை. நகருக்குள் கான்க்ரீட் கரைகளுக்கு நடுவே ஒடுங்கி ஓடும் வீன் என்ற சிற்றாறு. நாஷ்மார்க்ட் சந்தை அதை மூடிய தளத்தின் மேல்தான் நடக்கிறது. ஐரோப்பாவின் பழைய கெல்டிக் மொழியில் காட்டோடை என்று பொருள்படும் 'வெதூனியா'தான் மூலம் என்பது பலரும் ஏற்கும் விளக்கம். ரோமானியர்களின் விண்டொபோனா முகாம் அங்கேதான் இருந்தது. விண்டொபோனா என்ற பெயருக்கும் வீனுக்கும் தொடர்பில்லை என்றே மொழியியலாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

வெதூனியாவில் இருந்த 'த' ஜெர்மனில் தேய்ந்துபோனது. 881-ம் ஆண்டுக் குறிப்பிலேயே 'வெனியா' என்றுதான் இருக்கிறது. ஸ்லாவ் மொழிகள் சிலவற்றில் அந்த எழுத்து இன்றும் நிற்கிறது: செக்கில் வீதென்ய், போலிஷில் வியெதென்ய், உக்ரேனியத்தில் வீதென். ஜெர்மன்காரர்கள் தொலைத்ததைப் பக்கத்து வீட்டார் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். ரஷ்யர்களோ 'வேனா' என்பார்கள்.

குரோவேஷியர்களுக்கும் செர்பியர்களுக்கும் அது 'பெச்'. ஹங்கேரியர்களும் ஒட்டோமான் துருக்கியரும் சொன்ன பெயரும் ஏறக்குறைய இதேதான். செர்போ-குரோவேஷிய இலக்கிய மொழிக்காக 1850-ல் வியன்னாவில் கையெழுத்தான உடன்பாட்டை 'பெச் உடன்பாடு' என்றே சொல்வார்கள்.

அப்புறம், மகன் குரோவேஷியத் தலைநகர் ஜாக்ரெப் பக்கம் போனால் பேருந்து நிலையப் பலகையில் 'டூனாய்' என்று தேட வேண்டாம், 'பெச்' என்று பார்க்கச் சொல்லுங்கள். செக் தலைநகர் பிராகில் என்றால் 'வீதென்ய்'.