சீட்டை ராண்டமா எடுக்காதீங்க, கட்டை ராண்டமா கலைங்க

வாசகர் ஒருத்தர் கேட்டிருக்கார்: "பைத்தான்ல 304 சீட்டாட்டம் எழுதுறேன். மொத்தம் 32 சீட்டு. ராண்டின்ட்டுக்கு (ரெண்டு எண்ணுக்குள்ள ஏதோ ஒண்ணை குடுக்குற ஃபங்ஷன்) 0, லென் டெக் (கட்டுல மிச்சம் உள்ள சீட்டு எண்ணிக்கை) ரெண்டையும் குடுத்து, வர்ற நம்பர்ல இருக்குற சீட்டை ஆளுக்கு போட்டுட்டு டெக்லருந்து ரிமூவ் பண்றேன். முதல் ரவுண்டு நாலு பேருக்கும் நாலு நாலா போடும்போது பாதி தடவை ஓடுது, பாதி தடவை இன்டெக்ஸ் எரர். ஏலம் முடிஞ்சு அடுத்த நாலு போடும்போது அனேகமா எரர்தான். என்ன பண்றது?"

நல்லா கவனிச்சு எழுதிருக்கீங்க, அந்த "பாதி தடவை"லயே கோளாறு என்னனு தெரிஞ்சிடுது. ராண்டின்ட் ரெண்டு முனையையும் சேத்துக்கும். 32 சீட்டுன்னா இடம் 0லருந்து 31 வரைக்கும்தான் இருக்கு, நீங்க 32ம் வரலாம்னு விட்டுட்டீங்க, ஆக 33 நம்பர்ல ஒண்ணு இல்லாத இடத்தை காட்டும், அதான் இன்டெக்ஸ் எரர். முதல் சீட்டு தப்பிக்க வாய்ப்பு 32/33, அடுத்ததுக்கு 31/32, இப்படியே 16 சீட்டுக்கும் பெருக்கிட்டு போனா நடுவுல உள்ளதெல்லாம் அடிபட்டு 17/33 நிக்கும், அதான் உங்க பாதி. ரெண்டாவது ரவுண்டுக்கு அதே கணக்கு போட்டா வெறும் 1/17. டெக் சின்னதாக சின்னதாக தப்பு வர்ற வாய்ப்பு ஏறிட்டே போகும், அதனாலதான் ஆரம்பத்துல சும்மா ரெண்டு மூணு சீட்டு எடுத்து டெஸ்ட் பண்ணா இது கண்ணுலயே படாது.

ராண்டின்ட்டுக்கு பதிலா, மேல் முனையை சேக்காத ராண்ட்ரேஞ்ச் போட்டு லென் டெக் மட்டும் குடுத்தா எரர் போயிடும். ரிமூவுக்கு பதிலா அந்த இன்டெக்ஸை பாப்புக்கு குடுங்க, சீட்டை கைல குடுத்துட்டு டெக்லருந்தும் அதே எடுத்துடும், ஒரே வேலை. ரிமூவ் என்ன பண்ணும்னா முதல்லருந்து தேடி, அதே மாதிரி எது முதல்ல கிடைக்குதோ அதை தூக்கும். 304ல ஒவ்வொரு சீட்டும் ஒண்ணே ஒண்ணுதான், பிரச்சனை இல்ல. நாளைக்கே ரெண்டு கட்டு வச்சு ரம்மி எழுதப் போனீங்கன்னா ரெண்டு இஸ்பேட் ராஜா இருக்கும், நீங்க எடுத்தது ஒண்ணு, அது தூக்குனது இன்னொண்ணுனு ஆகும்.

ஆனா எனக்கு கேட்டா இந்த மொத்த வழியையுமே விட்டுடுங்கனுதான் சொல்லுவேன். நிஜமா சீட்டு விளையாடும்போது யாரும் ஒவ்வொரு தடவையும் கட்டுக்கு நடுவுல கைய விட்டு உருவுறதில்லையே, ஒரு தடவை கலைச்சு வச்சுட்டு மேலருந்து போட்டுட்டே போறோம். கோட்லயும் ஆட்டம் தொடங்கும்போது ஒரே ஒரு ஷஃபிள், அப்புறம் சும்மா பாப். பாப்புக்கு நம்பர் எதுவும் குடுக்காம விட்டா கடைசி சீட்டு வரும், மத்த எதுவும் நகர வேண்டியதில்ல, இன்டெக்ஸே இல்லாததால இன்டெக்ஸ் குழப்பமும் இல்ல. ரெண்டு வழிக்கும் வாய்ப்பு கணக்கு துல்லியமா ஒண்ணுதான்.

ஷஃபிளை நீங்களே எழுதாதீங்க. பைத்தான்ல இருக்குறதே ஃபிஷர்-யேட்ஸ் முறைதான், 1938ல பேப்பர் பென்சில் வச்சு செய்யுறதுக்குன்னு ரெண்டு புள்ளியியல்காரங்க குடுத்தது, 1964ல டர்ஸ்டன்ஃபெல்ட் அதை கம்ப்யூட்டருக்கு ஏத்த மாதிரி மாத்துனார். சொந்தமா எழுதுறவங்க வழக்கமா ஒவ்வொரு சீட்டையும் மொத்த கட்டுல ஏதோ ஒரு இடத்தோட மாத்தி வைப்பாங்க, பாக்க சரியாத்தான் தெரியும். மூணு சீட்டுக்கு அப்படி செஞ்சா 27 வழி வருது, வரிசையோ ஆறுதான், 27 ஆறால வகுபடாது, ஆக சில வரிசை 5/27, சிலது 4/27னு ஓரவஞ்சனை நடக்கும்.

ஆன்லைன்ல காசு வச்சு ஆடுற கேம்னா இன்னும் ஜாக்கிரதை வேணும். 1999ல பிளானட் போக்கர்ல ஓடிட்டிருந்த ஷஃபிளை சில ஆராய்ச்சியாளர்கள் உடைச்சாங்க, ராண்டம் நம்பர் வரிசையைத் தொடங்கி வைக்குற எண் (seed) சிஸ்டம் கடிகாரத்துலருந்து வந்துச்சு, அஞ்சு சீட்டு தெரிஞ்சா மிச்ச கட்டு மொத்தத்தையும் சொல்ல முடிஞ்சுச்சு. அந்த மாதிரி கேமுக்கு ராண்டம் மாட்யூல்லயே இருக்குற, அடுத்த நம்பரை ஊகிக்க விடாத சிஸ்டம்ராண்டம் வச்சு கலைங்க, அதுவும் சர்வர்ல. வீட்டு ஆட்டத்துக்கு இதெல்லாம் தேவையில்ல.

இன்னொண்ணு நீங்க கேக்கல, ஆனா கண்டிப்பா மாட்டுவீங்க. மூலக்கட்டை ஃபுல் டெக்னு வச்சுட்டு, டெக் ஈக்வல் டு ஃபுல் டெக்னு எழுதுனா காப்பி ஆகாது, ரெண்டும் ஒரே லிஸ்ட்தான், முதல் ஆட்டம் முடிஞ்சதும் மூலக்கட்டே காலி. அடுத்த ஆட்டத்துக்கு சீட்டே இருக்காது. ஃபுல் டெக் டாட் காப்பினு போடுங்க.

டெஸ்ட் பண்ண, நாலு கையிலயும் இருக்குற பாயிண்டை கூட்டுனா 304 வரணும்: ஜாக்கி 30, ஒம்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2, ஆக ஒரு ஜாதிக்கு 76. ஆனா எட்டுக்கும் ஏழுக்கும் பாயிண்டே இல்லாததால அதுல ஒண்ணு காணாம போனா இந்த கூட்டல் காட்டிக் குடுக்காது, அதனால நாலு கையையும் ஒரே பைத்தான் செட்ல (ஒரே சீட்டு ரெண்டு தடவை வந்தா ஒண்ணாத்தான் எண்ணும்) போட்டு 32 இருக்கானும் பாத்துடுங்க. எல்லாம் சரியா இருந்தும் ஒரே ஆளுக்கு நாலு ஜாக்கியும் விழுந்துச்சுன்னு யாராவது கம்ப்ளெய்ண்ட் பண்ணுவாங்க. அது சுமாரா 128 ஆட்டத்துக்கு ஒரு தடவை தானா வரும், அதுக்காக ஷஃபிளை நோண்டாதீங்க.