'ரன்' என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு 'ஓடு' தவிர வேறு என்ன பொருள்? எப்படிப் பாவிப்பது?

முழுப் பட்டியலும் வேணும் எண்டால் அந்த எண்ணத்தை விட்டிடுங்கோ. ஒக்ஸ்போர்ட் பேரகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் 'செட்' (set) எண்ட சொல்லுக்குத்தான் ஆக நீளமான பதிவு. பிறகு திருத்தி எழுதேக்க 'ரன்' அதை முந்திவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள். பாடமாக்கிற காரியமில்லை.

யாழ்ப்பாணத்தாருக்கு இதில பாதி வேலை ஏற்கெனவே முடிஞ்சுது. பஸ் ஓடுது, மோட்டர் ஓடுது, படம் ஓடுது, மூக்கால ஓடுது எண்டு சொல்லுற இடத்தில எல்லாம் 'ரன்' நிக்கும். யாழ்தேவி ரயில் தினமும் ஓடுது எண்டால் 'ரன்ஸ் டெய்லி'.

வில்லங்கம் வாகனத்திலதான். தமிழ்நாட்டில் கார் ஓட்டுவினம், நாங்கள் கார் ஓடுவம். "தம்பி, உமக்கு மோட்டச்சைக்கிள் ஓடத் தெரியுமோ?" எண்டு கேட்டுப் பழகின வாய், ஆங்கிலத்திலும் 'ஐ கேன் ரன் எ கார்' எண்டிடும். கார் எண்டால் 'ட்ரைவ்', சைக்கிள், மோட்டச்சைக்கிள் எண்டால் 'ரைட்' (ride). 'ரன் எ கார்' எண்டு ஆங்கிலத்தில் இல்லாமலும் இல்லை. பிரித்தானியாவில் அதுக்கு, சொந்தமாகக் கார் வைச்சு, பெற்றோல், காப்புறுதி, திருத்தவேலை எல்லாச் செலவும் தாங்கிறது எண்டு அர்த்தம். சாரதி வேலைக்கு நேர்முகத்துக்குப் போனவர் அப்படிச் சொன்னால், இவ்வளவு வசதியான ஆளுக்கு ஏன் இந்த வேலை எண்டு கேட்பினம்.

கடைக்கும் கவனம். 'ஷீ ரன்ஸ் எ ஷொப்' எண்டால் அவ கடை நடத்திறா. ஆனால் "கடை நல்லா ஓடுது" எண்டதுக்கு 'ரன்' போடாதேங்கோ, 'டூயிங் வெல்' தான் சரி.

அடுத்தது 'ரன் அவுட்', தீர்ந்துபோறது. (கிரிக்கெட்டில வாறது வேற சங்கதி.) 2022இல் இலங்கையில பெற்றோல் தட்டுப்பாட்டில பெற்றோல் நிலைய வரிசையில நிண்ட எவருக்கும் இது விளங்கும். பெற்றோலை முன்னுக்கு வைச்சால் 'தி பெற்றோல் ஹாஸ் ரன் அவுட்'. ஆளை முன்னுக்கு வைச்சால் 'ஒஃப்' கட்டாயம்: 'வீ ஹாவ் ரன் அவுட் ஒஃப் பெற்றோல்'. 'ஹாஸ்', 'ஹாவ்' வந்தால் பிறகு 'ரன்' தான், 'ரான்' இல்லை. 'ரான்' தனிய இறந்தகாலத்துக்கு. இதில படிச்ச ஆக்களும் தடக்குப்படுகினம்.

தேர்தல் எண்டால் ஊரைப் பாருங்கோ. அமெரிக்காவில் வேட்பாளர் 'ரன்' பண்ணுவார், பிரித்தானியாவில் 'ஸ்டாண்ட்' பண்ணுவார். எங்கட ஆக்களும் தேர்தலில நிக்கிறவைதானே.