வேலூர் பக்கம் பிள்ளைகளுக்குத் தோட்டம், பண்ணை, அருங்காட்சியகம் எல்லாம் சேர்ந்த இடம் உண்டா?

நீங்கள் பெங்களூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ வருகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இரண்டு பிள்ளைகள், கையில் ஒரு நாள். பூந்தோட்டம், மாடு கன்றுள்ள பண்ணை, தொட்டுப் பார்த்து விளையாடக்கூடிய அருங்காட்சியகம் மூன்றும் ஒரே வளாகத்தில் வேண்டும் என்கிறீர்கள். ஒரே மதிலுக்குள் அப்படி ஒன்று எனக்குத் தெரிந்து இங்கே இல்லை. ஆனால் முப்பது கிலோமீட்டர் சுற்றளவில் மூன்றும் இருக்கின்றன. நானே பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்கிறேன், அதைத்தான் எழுதுகிறேன்.

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் என்னால் சும்மா இருக்க முடியாததற்குக் காரணம் உண்டு. என் தம்பி குடும்பத்தோடு பெங்களூரில் இருக்கிறான். ஒருமுறை அவன் மனைவி என்னிடம், "வேலூர்ல பசங்களுக்குக் காட்ட என்னக்கா இருக்கு? வெயிலும் ஆஸ்பத்திரியும்தான்" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்றது. சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, மரம் இல்லாத மலை, தண்ணீர் இல்லாத ஆறு என்று எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு. சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு அலுத்துப்போன பேச்சு அது. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981லேயே லிங்கத்தைத் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். பேச்சு மட்டும் மாறவில்லை.

அந்த வருஷம் பொங்கலுக்கு எல்லோரும் ஊருக்கு வந்திருந்தார்கள். காணும் பொங்கலன்று கோட்டைப் பக்கம் கால் வைக்க இடம் இருக்காது, அதனால் மறுநாள் கிளம்பினோம். தம்பியின் மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஆறு. என் மகளுக்குப் பதினொன்று.

முதலில் எங்கள் கழனி. அணைக்கட்டுப் பக்கம் அம்மாவுக்கு ஒன்றரை ஏக்கர், கிணறு, இரண்டு மாடு, ஒரு கன்று. காலை ஆறு மணிக்கெல்லாம் பிள்ளைகள் மாட்டுக்கொட்டாயில் நின்றார்கள். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் அடித்த வர்ணம் அப்படியே இருந்தது. அம்மா கன்றை முதலில் ஊட்டவிட்டார். பால் இறங்கியதும் கன்றை இழுத்துக் கட்டிவிட்டு, மடியைக் கழுவி, கையில் விளக்கெண்ணெய் தொட்டுக்கொண்டு கறந்தார். பையனும் உட்கார்ந்தான். ஐந்து நிமிஷம் ஒரு சொட்டு வரவில்லை. "இழுக்காத சாமி, மேல இருந்து அழுத்திக்கினே வா" என்று அம்மா அவன் கைமேல் கை வைத்துச் சொல்லிக்கொடுத்த பிறகு ஒரு பீச்சு வந்தது, பாத்திரத்துக்கு வெளியே. அவன் போட்ட சத்தத்தில் மாடே திரும்பிப் பார்த்தது.

அடுத்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைத்தார்கள். தை மாதம் விதைப்புக்கான காய். மெஷினில் உடைத்தால் பருப்பின் மெல்லிய தோல் உரிந்துபோகும், அப்படி உரிந்த விதை சரியாக முளைக்காது. அதனால் விதைக்கு மட்டும் இன்றும் கையால்தான் உடைக்கிறோம். ஆறு வயதுக்காரி ஒரு மணி நேரம் நகராமல் உட்கார்ந்து, தோல் போனதைத் தின்னவும் நல்லதைச் சேர்த்து வைக்கவும் இரண்டு குவியலாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அவளை ஒரு இடத்தில் உட்கார வைக்கவே முடியாது என்று அவள் அம்மா சொல்லிக்கொண்டே பார்த்துக்கொண்டு நின்றாள்.

முள்ளுக் கத்தரிக்காயும் பறித்தார்கள். தண்டிலும் இலையிலும் காம்பிலும் முள் இருக்கும், பார்த்துப் பறிக்க வேண்டும். இலவம்பாடிக் கத்தரிக்காய் என்று எங்கள் பக்கம் சொல்வது இதைத்தான். 2023ல் வேலூர் முள்ளுக் கத்தரி என்ற பெயரில் புவிசார் குறியீடு கிடைத்தது. பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள இதில் செய்யும் கத்தரிக்காய்க்கு ஈடு கிடையாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

"உனக்குக் கழனி இருக்கிறது, பேசுகிறாய், இல்லாதவர் என்ன செய்வது?" என்று யாராவது கேட்பீர்கள். நியாயம்தான். விரிஞ்சிபுரத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. முன்கூட்டியே அனுமதி கேட்டுப் பாருங்கள். அதுவும் அமையாவிட்டால் அணைக்கட்டு, ஒடுகத்தூர் சாலையில் ஏதாவது ஒரு கழனியோரம் வண்டியை நிறுத்திப் பணிவாகக் கேளுங்கள். பிள்ளைகளைப் பார்த்துவிட்டு விரட்டுகிற மனுஷர்கள் எங்கள் பக்கம் குறைவு. காய் வாங்கினால் பேரம் பேசாமல் காசு கொடுங்கள்.

தனியார் பண்ணைப் பூங்காக்களை நான் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். ஒன்றுக்குப் போயிருக்கிறோம், பெயர் வேண்டாம். ஆறு பேருக்குப் பெரிய தொகை கட்டினோம். முயல் கூண்டுக்கு முன்னால் "தொடாதீர்கள்" என்று பலகை. டிராக்டரில் இரண்டு சுற்று, முடிந்தது. சிலருக்கு அது போதும். எனக்குப் போதவில்லை.

அங்கிருந்து விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயில். திருவிரிஞ்சை மதிலழகு என்பார்களே, அதே மதில். ஆனால் பிள்ளைகளை நான் அழைத்துப் போனது தெற்குப் பிரகாரத்தில் இருக்கும் காலம் காட்டும் கல்லுக்காக. அரை வட்டக் கல்லில் மணிக் கணக்குக்குக் கோடுகளும் எண்களும் செதுக்கியிருக்கிறார்கள். மேலே உள்ள பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் அதன் நிழல் விழும் இடம்தான் மணி. பையன் குச்சி வைத்தான். நிழல் பத்தரைக்குப் பக்கத்தில் விழுந்தது. என் மகள் போனைப் பார்த்தாள், பத்து ஐம்பது. "கல்லு தப்பா அத்தை, போன் தப்பா?" என்று அவன் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

சத்துவாச்சாரியில் உள்ள மாவட்ட அறிவியல் மையத்துக்குப் போனதும் முதல் வேலையாக அங்கிருந்த ஒருவரிடம் இதையே கேட்டான். அவர் பொறுமையாக ஒரு உருண்டையைச் சுற்றிக் காட்டி விளக்கினார். இந்தியா முழுவதற்கும் ஒரே மணி, அது 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிட்டது. வேலூர் அதற்கு மேற்கே சுமார் 79 டிகிரியில் இருக்கிறது. ஒரு டிகிரிக்கு நான்கு நிமிஷம். அதனால் நமக்குச் சூரியன் உச்சிக்கு வர பதின்மூன்று நிமிஷத்துக்கு மேல் தாமதமாகிறது. பூமி சூரியனைச் சுற்றும் வேகம் வருஷம் முழுக்க ஒரே மாதிரி இல்லாததாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும் ஜனவரி நடுவில் இன்னும் ஒன்பது நிமிஷம் போல் சேருகிறது. "அப்போ ரெண்டுமே சரி!" என்றான் பையன். காலையில் கோயில் கல்லில் எழுந்த கேள்விக்கு மதியம் அறிவியல் மையத்தில் பதில் கிடைத்ததைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பொத்தானை அழுத்துவது, கைப்பிடியைச் சுற்றுவது என்று அங்கே தொட்டுப் பார்க்க நிறைய இருக்கிறது. பளபளப்பை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

சாயங்காலம் கோட்டை. அகழி, பூங்கா, புல்வெளி. அரசு அருங்காட்சியகமும் உள்ளேயே இருக்கிறது. 1815ல் பிடிபட்ட கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை இந்தக் கோட்டையில்தான் சிறை வைத்தார்கள், 1832ல் அவர் இறந்ததும் வேலூரில்தான். 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சியை என் மகளே தம்பி தங்கைக்குச் சொன்னாள். அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, கவனம்.

அமிர்திக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். கணியம்பாடி வழியாக சுமார் 25 கிலோமீட்டர், ஜவ்வாது மலை அடிவாரம். சிறிய உயிரியல் பூங்கா, மான், மயில், முதலை, காட்டுக்குள் நடந்தால் அருவி. மழைக்குப் பிறகுதான் அருவியில் தண்ணீர் இருக்கும். மரமில்லாத மலை என்று சொல்பவர்களை அங்கே கூட்டிப் போய் நிறுத்த வேண்டும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பழைய பேச்சில் மிச்சமிருப்பது தண்ணீர் இல்லாத ஆறு. விரிஞ்சிபுரத்திலிருந்து திரும்பும்போது பாலாற்றைக் காட்டி "இதான் ஆறு" என்றேன். "எங்க அத்தை?" என்றாள் சின்னவள். சீமைக்கருவேலமும் மணல் எடுத்த குழிகளும்தான் தெரிந்தன. 348 கிலோமீட்டர் ஓடும் ஆற்றில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில் இருக்கிறது. இந்த ஆற்றில் கலக்கும் தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றிய வழக்கில், கெடுத்தவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996லேயே தீர்ப்புச் சொன்னது. நாடெங்கும் சட்டக் கல்லூரிகளில் அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். ஆற்றங்கரையில் இருக்கும் நாங்கள் கேன் தண்ணீர் வாங்குகிறோம். 2021 நவம்பர் வெள்ளத்தில் இரண்டு கரையும் தொட்டு ஓடியதைப் பார்க்க ஊரே பாலத்தில் நின்றது, நானும் நின்றேன். பிள்ளைகளுக்குக் கோட்டையைக் காட்டலாம், மலையைக் காட்டலாம். ஆற்றைக் காட்டும்போது மட்டும் எனக்கு வாய் வருவதில்லை. தோல் வேலையை நம்பி எத்தனை குடும்பம் சாப்பிடுகிறது என்று எனக்கும் தெரியும், என் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். அதற்காகச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, உங்கள் பயணத்துக்கு வருகிறேன். தை, மாசிக்குள் வந்துவிடுங்கள். பங்குனி பிறந்துவிட்டால் பகல் பதினொன்றுக்கு மேல் பிள்ளைகளை வெளியே நடத்த முடியாது. கழனிக்கு விடியற்காலை, கோயிலுக்கு வெயில் ஏறிய பின், மதியம் அறிவியல் மையம், மாலை கோட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். கோயில் பகலில் நடை சாத்திவிடும், பதினொன்றுக்குள் போய்விடுங்கள். நேரான குச்சி ஒன்றைக் கழனியிலேயே ஒடித்து எடுத்துக்கொள்ளுங்கள். பிரகாரத்தைத் துப்புரவாகப் பெருக்கி வைத்திருப்பார்கள், அங்கே தேடினால் கிடைக்காது.