மதுரை வாசலும் புதுக்கடை வாசலும்

கேள்வி: இந்திய அரசியல் சாசனத்தில் உள்ள அடிப்படை உரிமைகள் இலங்கை அரசியலமைப்பிலும் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. அப்படியானால் இரண்டு பக்கமும் ஒரே பாதுகாப்புத்தானே? (மன்னார் வாசகர்)

பதில்: ஏட்டில் பெரிய வித்தியாசம் இல்லை. இந்தியாவில் 14ஆம் பிரிவு சொல்கிற சமத்துவத்தை உங்கள் 12ஆம் உறுப்புரை சொல்கிறது, இங்கே 19 என்றால் அங்கே 14, பேச்சு, கூட்டம், சங்கம், நடமாட்டம் எல்லாம் இரண்டிலும் உண்டு. ஆனால் உரிமை மீறப்பட்டவர் எங்கே போவது, எத்தனை நாளுக்குள் போவது என்று கேட்டுப்பாருங்கள், அங்கேதான் வழி பிரிகிறது.

ராமநாதபுரத்தில் ஒருவரைக் காரணம் சொல்லாமல் போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டது என்று வையுங்கள். வீட்டார் 226ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகலாம், பஸ் ஏறினால் அன்றைக்கே திரும்பிவிடலாம். வேண்டுமென்றால் 32ஆம் பிரிவின்கீழ் நேரே டெல்லி உச்ச நீதிமன்றத்துக்கும் போகலாம், அந்தப் பிரிவைத்தான் அம்பேத்கர் சாசனத்தின் இதயமும் ஆன்மாவும் என்றார். இத்தனை நாளுக்குள் என்று சாசனம் கெடு வைக்கவில்லை (ரொம்பத் தாமதித்தால் ஏன் என்று நீதிபதி கேட்பார், அது வேறு). அதே சம்பவம் மன்னாரில் நடந்தால், அடிப்படை உரிமை மீறல் மனுவை விசாரிக்கும் அதிகாரம் ஒரே ஒரு நீதிமன்றத்துக்குத்தான், கொழும்பு புதுக்கடையில் இருக்கிற உயர் நீதிமன்றம். 126ஆம் உறுப்புரைப்படி ஒரு மாதத்துக்குள் மனு அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு சொல் குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் உச்ச நீதிமன்றம் என்பதைத்தான் இலங்கையில் உயர் நீதிமன்றம் என்பார்கள். அங்கே மேல் நீதிமன்றம் என்பது அதற்கும் கீழே இருப்பது. செய்தி படிக்கிறவர்கள் இதைக் கவனிக்காமல் அடிக்கடி தடுமாறுகிறார்கள்.

அந்த ஒரு மாதத்தை யோசித்துப் பாருங்கள். அடிபட்டவர் முதலில் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பார், அப்புறம் மருத்துவ அறிக்கைக்கு அலைய வேண்டும், கொழும்பில் ஒரு வழக்கறிஞரைப் பிடிக்க வேண்டும், அதற்குப் பணம் புரட்ட வேண்டும். ஒரு வழி இருக்கிறது, உங்கள் ஊரில் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்: அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு கொடுத்தால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி, அந்த விசாரணை நடக்கிற காலம் கெடுவில் சேராது. முறைப்பாட்டின் பிரதியை மட்டும் நம்பாதீர்கள், விசாரணை நடந்துகொண்டிருக்கிறது என்று காட்டுகிற கடிதத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் போய் நின்றால் கெடு தாண்டிவிட்டது என்று மனு தள்ளுபடியாக வாய்ப்பு உண்டு.

கேள்வி: உரிமையைப் பறிக்கிற சட்டத்தையே நாடாளுமன்றம் நிறைவேற்றிவிட்டால்? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: இந்தியாவில் அந்தச் சட்டத்தையே நீதிமன்றத்துக்கு இழுக்கலாம். அடிப்படை உரிமைக்கு முரணான சட்டம் அந்த அளவுக்குச் செல்லாது என்று 13ஆம் பிரிவு சொல்கிறது, அது 1950க்கு முன்னால் வந்த பழைய சட்டமானாலும் சரி. இலங்கையில் சபாநாயகர் சான்றுரைத்துவிட்டால் அதோடு முடிந்தது, 80(3)ஆம் உறுப்புரைப்படி அந்தச் சட்டம் செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. சட்டமூலமாக (மசோதாவாக) இருக்கும்போதே, அது நாடாளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் (நிகழ்ச்சி நிரலில்) வந்த ஒரு வாரத்துக்குள் ஓடிப்போய்த் தடுக்க வேண்டும். ஒரு வாரம்! சட்டமூலத்தைப் படித்துப் புரிந்துகொள்ளவே அது போதாது.

அதைவிட என்னை உறுத்துவது 16ஆம் உறுப்புரை. 1978 அரசியலமைப்பு வருவதற்கு முன்பே இருந்த சட்டங்கள் உரிமைகளோடு முட்டினாலும் அப்படியே செல்லும் என்கிறது அது. ஒரு உதாரணம். ஒருபால் உறவைக் குற்றமாக்குகிற வெள்ளைக்காரன் காலத்துப் பிரிவு இரண்டு நாட்டுத் தண்டனைச் சட்டத்திலும் இருந்தது. வயது வந்தவர்கள் மனமொத்து வாழ்வதற்கு அது பொருந்தாது என்று 2018இல் டெல்லி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இலங்கையில் 1883ஆம் ஆண்டுச் சட்டத்தின் 365, 365அ பிரிவுகளை எந்த நீதிபதி நினைத்தாலும் அப்படி நீக்க முடியாது, நாடாளுமன்றம்தான் கை வைக்க வேண்டும். 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தையும் 80(3) காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

கேள்வி: அப்படியானால் இலங்கை அரசியலமைப்பில் மெச்ச ஒன்றுமே இல்லையா? (மட்டக்களப்பு வாசகர்)

பதில்: இருக்கிறது. சித்திரவதை கூடாது என்று 11ஆம் உறுப்புரை நேரடியாகவே சொல்கிறது, போர், அவசரநிலை என்று எந்தக் காரணம் காட்டியும் அதைக் குறைக்க முடியாது, மாற்ற வேண்டுமானால் நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு மக்கள் வாக்கெடுப்பும் வேண்டும். இந்தியச் சாசனத்தில் அந்தச் சொல்லே கிடையாது, 21ஆம் பிரிவின் உயிர்வாழும் உரிமைக்குள்ளிருந்து நீதிமன்றங்கள் எடுத்துத் தந்ததுதான். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997இல் கையெழுத்துப் போட்ட இந்தியா இன்னும் அதற்கு ஏற்புறுதி அளிக்கவில்லை, இலங்கையோ 1994இலேயே தனிச் சட்டம் போட்டது. 2020இல் சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தபோது மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. எடுத்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் மனம் பதறுகிறது.

தகவல் அறியும் உரிமையும் இலங்கையில் 2015 முதல் அரசியலமைப்பிலேயே (14அ) இருக்கிறது. அப்புறம் 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு வழக்கு: தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தன் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 ஜனவரியில் புதுக்கடை உத்தரவிட்டது. அடிப்படை உரிமை மீறல் மனுவில் வந்த தீர்ப்பு அது.

கேள்வி: நான் 1991இல் தமிழ்நாட்டு முகாமில் பிறந்தவள், பெற்றோர் இருவரும் இலங்கையர். இந்த இரண்டு சாசனத்தில் எனக்கு எது? (முகாம் வாசகி)

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தைத்தான் அதிக நேரம் கையில் வைத்திருந்தேன். 1987 ஜூலை 1க்குப் பிறகு இந்தியாவில் பிறந்தவருக்குப் பிறப்பால் குடியுரிமை வேண்டுமென்றால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றைத்தான் சொல்கிறது, இலங்கை அதில் இல்லை. இது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் உங்களுக்கு ஒன்றுமே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 15, 16, 19 போன்ற சில பிரிவுகளின் உரிமைகள்தான் குடிமக்களுக்கு மட்டும். 14, 21 இரண்டும் ‘எந்த நபருக்கும்’ என்கின்றன, சக்மா அகதிகள் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் 21ஐ அப்படியே உறுதி செய்தது. 21அ பிரிவு 6 முதல் 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி என்கிறது, உங்கள் பிள்ளைகளும் அதில் அடக்கம். வழக்குப் போடப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம், 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் பெண்களுக்கு வருமானக் கணக்குக் கேட்காமலே இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் அந்த அலுவலகம் எங்கே என்று கேளுங்கள், மனுவை எழுதிக் கொடுத்து ஒரு பிரதியில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.