கிணற்றை விட்டுவிட்டு ஓடினால் செலவு யார் தலையில்? எண்ணெய், எரிவாயு, சுரங்கச் சட்டங்கள்: கேள்வி பதில்

கேள்வி: எண்ணெய் எடுத்து முடித்த நிறுவனம் கிணற்றை மூடாமல் போய்விட்டால் அந்தச் செலவு யாருடையது?

பதில்: சட்டப்படி உரிமம் வைத்திருப்பவருடையது. நடப்பது வேறு. எண்ணெய் நன்றாக வரும்வரை பெரிய நிறுவனம் வைத்திருக்கும், வரத்து குறைந்ததும் சின்ன நிறுவனத்துக்கு விற்றுவிடும், அது திவாலாகும், கடைசியில் வரி கட்டுகிறவர்கள் தலையில் விடியும். கனடாவின் ரெட்வாட்டர் வழக்கு இந்தக் கதைதான். திவாலான நிறுவனத்தின் நல்ல கிணறுகளை மட்டும் விற்றுவிட்டு மற்றதைக் கைகழுவப் பார்த்தார்கள். 2019-ல் உச்ச நீதிமன்றம் விடவில்லை. இருக்கிற சொத்தில் முதலில் கிணறுகளை மூடுங்கள், அப்புறம்தான் கடன் கொடுத்தவர்களுக்கு என்று சொல்லிவிட்டது. நல்ல தீர்ப்புதான், ஆனால் சொத்து என்று ஏதாவது மிஞ்சியிருக்க வேண்டுமே!

கேள்வி: அதற்குத்தானே பிணைத்தொகை வாங்குகிறார்கள்?

பதில்: வாங்குகிறார்கள், எவ்வளவு என்பதைப் பாருங்கள். அமெரிக்காவில் கூட்டாட்சி அரசின் நிலத்தில் ஒரு குத்தகைக்குக் குறைந்தபட்சம் 10,000 டாலர் என்று 1960-ல் வைத்தார்கள். அதை 1,50,000 ஆக்கும் விதி 2024-ல்தான் வந்தது. இடையில் விலைவாசி எங்கேயோ போய்விட்டது. இன்னொன்று, தொகை எந்த வடிவில் இருக்கிறது என்பதும் முக்கியம். ரொக்கமோ வங்கி உத்தரவாதமோ என்றால் சரி. 'நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று தாய் நிறுவனம் எழுதிக் கொடுக்கும் கடிதம், அந்த நிறுவனமே கவிழ்ந்தால் எதற்கும் உதவாது.

கேள்வி: சார், சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையில், எடுத்த எண்ணெயைப் பிறகு எங்கோ எரிக்கும்போது வரும் புகையையும் காட்ட வேண்டுமா?

பதில்: பிரிட்டனில் காட்ட வேண்டும். 2024-ல் ஃபின்ச் வழக்கில் அங்குள்ள உச்ச நீதிமன்றம் 3-2 என்ற கணக்கில் அப்படித் தீர்ப்பளித்தது. எடுத்த எண்ணெய் எரிக்கப்படப்போவது உறுதி, அப்படியிருக்க அதை எப்படி விடுவது என்பதுதான் வாதம். எல்லா நாட்டிலும் இப்படி இல்லை.

கேள்வி: உரிமம் கொடுக்கும் துறையே கண்காணிப்பதில் என்ன தப்பு?

பதில்: உற்பத்தி நின்றால் அந்தத் துறைக்கு வரும் வருமானமும் நிற்கும், அதுதான் தப்பு. 2010-ல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற எண்ணெய்த் துளையிடும் மேடை வெடித்து 11 பேர் இறந்தபோது, குத்தகை விடுவது, உரிமத்தொகை வசூலிப்பது, பாதுகாப்பைச் சோதிப்பது எல்லாமே ஒரே அமைப்பின் கையில் இருந்தது. அப்புறம் மூன்றாகப் பிரித்தார்கள். வடகடலில் 1988-ல் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் 167 பேர் செத்த பிறகு பிரிட்டனும் பாதுகாப்புப் பொறுப்பை எரிசக்தித் துறையிடமிருந்து எடுத்துவிட்டது. அங்கே நடந்ததைப் பார்த்தாவது மற்றவர்கள் முன்பே பிரித்திருக்கலாம்.

கேள்வி: எங்கள் பகுதிச் சுரங்கத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் வருகிறது. என்ன கேட்பது?

பதில்: மரம் நடுவதைப் பற்றி அவர்களே நிறையச் சொல்வார்கள், அதை விடுங்கள். மூடும் திட்டத்தையும் அதன் செலவுக் கணக்கையும் கேளுங்கள். அந்தக் கணக்கைப் போட்டவருக்குச் சம்பளம் கொடுத்தது யார் என்றும் கேட்டு, பதிலைக் கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள்.