பிரிஸ்பேன்ல வீடு வாங்குறீங்களா, வேலிக்குப் பின்னாடி போய்ப் பாருங்க தம்பி

தம்பி, கோபியில இருந்து பிரிஸ்பேன் வந்து எட்டு மாசமாச்சு, ஒரு வீடு புடிச்சிருக்கு, ஆத்துல இருந்து மூணு கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கு, அப்புறமும் வெள்ளத்துக்குப் பயப்படணுமான்னு கேட்டிருக்கீங்க. ஆறு தள்ளி இருக்குதுன்னு மட்டும் முடிவு பண்ணிராதீங்க. நான் பவானிக்காரன், ஆத்துத் தண்ணி வீட்டுக்குள்ள வர்றத சின்னதுல இருந்து பாத்தவன், அப்படியும் இங்க ஏமாந்துட்டனுங்க.

நான் மொதல்ல வாங்குன வீடும் ஆத்துக்கு ரொம்ப தூரந்தான். வேலிக்குப் பின்னாடி புல்லு மொளச்ச ஒரு தாழ்வு, எந்நேரமும் காஞ்சே கெடக்கும், புள்ளைங்க பந்து வெளையாடும். நம்மூர்ல பள்ளம்னு சொல்லுவோமே, அதேதான். நான் பார்க்குன்னு நெனச்சுட்டேன், ஏஜென்ட்டும் ஒண்ணும் சொல்லல. 2022 பிப்ரவரி கடைசியில மூணு நாள்ல 650 மில்லிமீட்டருக்கு மேல ஊத்துச்சு, ஈரோட்டுல ஒரு வருசம் பூரா பேயுறதே ஏறக்குறைய அவ்ளோதான். ராத்திரி ரெண்டு மணிக்கு கராஜ் கதவத் தொறந்தா முழங்கால் தண்ணி, அம்மா குடுத்துவுட்ட மஞ்சத்தூள் டப்பா கவுந்து அம்புட்டும் மஞ்சளா நிக்குது.

அதனால சொல்றேன், சிட்டி கவுன்சில் வெப்சைட்ல அட்ரஸ் போட்டா ஃப்ளட்வைஸ் ப்ராப்பர்ட்டி ரிப்போர்ட் சும்மாவே வரும். அதுல ஆத்து வெள்ளம் மட்டும் பாக்காதீங்க, க்ரீக் (சின்ன ஓடை), ஓவர்லேண்ட் ஃப்ளோ (பெருமழைத் தண்ணி தரைமேலயே அந்தப் பள்ளம் மாதிரி தாழ்வு வழியா ஓடுறது) ரெண்டையும் பாருங்க, எனக்குக் கேடு வந்தது அந்த ஓவர்லேண்ட் ஃப்ளோவுலதான். 1% வெள்ளம்னு போட்டிருப்பாங்க, நூறு வருசத்துக்கு ஒருக்காதான் வரும்னு நெனச்சுக்காதீங்க, வருசா வருசம் நூத்துல ஒரு வாய்ப்பு, 30 வருச லோன் முடியறதுக்குள்ள ஒருதடவையாவது வர நாலுல ஒரு பங்கு வாய்ப்பு இருக்கு.

கையெழுத்துக்கு முன்னாடியே அந்த அட்ரஸுக்கு ஃப்ளட் கவரோட இன்சூரன்ஸ் எவ்ளோ ஆகும்னு கோட் (விலைப்புள்ளி) எடுத்துருங்க, ப்ரீமியத்தப் பாத்தாலே பாதி தெரிஞ்சுரும். விக்கிறவங்க வீட்டப் பத்தின விவரமெல்லாம் எழுதிக் குடுக்கற டிஸ்க்ளோஷர் ஃபார்ம் 2025 ஆகஸ்ட்ல இருந்து கட்டாயம், ஆனா முன்னாடி வெள்ளம் வந்துச்சாங்கறது அதுல வராது, நம்மதான் தேடணும். ஏலத்துல எடுத்தா, கையெழுத்துப் போட்டப்புறம் மனசு மாறி வேண்டாம்னு சொல்ற அஞ்சு வேலை நாள் கூலிங் ஆஃபும் கெடையாது.

அப்புறம் அக்கம்பக்கத்துல கதவத் தட்டிக் கேளுங்க, கூச்சப்படாதீங்க. எங்க பக்கத்து வீட்டுப் பெரியவரு 2011ல தண்ணி நின்ன மட்டத்த வேலிக்கால்ல கோடு கிழிச்சு வெச்சிருந்தாரு, நான் வாங்கி நாலு மாசம் கழிச்சுத்தான் அதைக் காட்டுனாரு.